ஜிம் மாஸ்டர்களுக்கு ஒரு மயக்க ஊசி டாக்டரின் மடல்

அன்புள்ள ஜிம் மாஸ்டர்களுக்கு,

வணக்கம். நான் தினமும் தூக்கும் அதிகபட்ச எடை என் கைப்பையும் சாப்பாட்டுக் கூடையும்தான். பெஞ்ச் பிரஸ் எப்படிப் போடுவது என்று உங்களுக்குச் சொல்ல வரவில்லை. என் வேலை ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுப்பது. ஊரில் எங்களுக்கு ‘மயக்க ஊசி டாக்டர்’ என்று பெயர். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் எல்லோரும் கும்பிடுவது சர்ஜனைத்தான். எங்கள் முகம்கூடப் பலருக்கு ஞாபகம் இருக்காது. அதில் வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் சென்ற வருடம் மேசையில் படுத்த ஒரு பையனுக்கு என் முகத்தைவிட என் ட்ரேயில் இருந்த மருந்து நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் இந்த மடல்.

வயது 24. பைக்கிலிருந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. உள்ளே கம்பி வைக்க வேண்டும். கட்டான உடம்பு, படுக்க வைத்தால் தோள் இரண்டும் மேசைக்கு வெளியே நிற்கும். முதுகில் ஊசி போடுவதற்காக உட்கார வைத்தபோது, பக்கத்து ட்ராலியில் அடுக்கியிருந்த சிரிஞ்சுகளையும் குப்பிகளையும் ஒரு நோட்டம் விட்டான். “மேடம், இது எங்க ஜிம்லயே இருக்கு” என்றான், சிரித்துக்கொண்டே. அவன் காட்டியது ரப்பர் மூடி போட்ட 10 மில்லி கண்ணாடிக் குப்பி. மெபென்டெர்மின், இறங்கிய பிரஷரை ஏற்றும் மருந்து.

நான் நம்பவில்லை. வேறு எதையோ நினைத்துக் குழப்பிக்கொள்கிறான் என்று விட்டுவிட்டேன். நாடி 118 இருந்தது. ‘பயம்’ என்று எழுதிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். அது என் தப்பு. அந்த வயதில், அப்படி ஒரு உடம்பு வைத்திருப்பவனுக்கு இதயத்தில் கோளாறு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

(எந்தக் கம்பெனியின் பெயரையும் இதில் எழுதப் போவதில்லை. கடையில் போய் என்ன பெயர் சொல்லிக் கேட்பது என்று நானே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குத் தெரியாமலே இருக்கட்டும்.)

எங்களிடம் அந்த மருந்துக்கு என்ன வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். கூடவே, கால் பக்கத்து ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் நரம்புகளும் மரத்துவிடும். குழாய்கள் தளரும்; ரத்தம் கீழேயே தேங்கும்; பிரஷர் இறங்கும். “தலை சுத்துது டாக்டர், வாந்தி வர்ற மாதிரி இருக்கு” என்பார் அந்தத் தாய். மானிட்டரில் 80/50. அப்போது நீர்க்கக் கலந்து வைத்திருக்கும் மெபென்டெர்மினில் 6 மில்லிகிராம், கையில் ஓடும் டிரிப் வழியாக. ஒன்றிரண்டு நிமிடத்தில் மேலே இருக்கும் எண் நூறைத் தாண்டும். வெளுத்த முகத்தில் களை வரும். “இப்போ பரவாயில்ல டாக்டர்.” அடுத்த சில நிமிடத்தில் குழந்தை அழும். இந்த மருந்தின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. எத்தனையோ தாய்மார்களை அது என் கண்ணெதிரே தூக்கி நிறுத்தியிருக்கிறது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். மில்லிக்கு 30 மில்லிகிராம் என்று வரும் குப்பியில் மொத்தம் 300 மில்லிகிராம். நான் ஒரு தடவைக்கு எடுப்பது ஒரு மில்லியில் ஐந்தில் ஒரு பங்கு. அதையும் கலந்து, ஒரு கண்ணை மானிட்டரில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஆக்சிஜனும் ஷாக் கொடுக்கும் மெஷினும் இருக்கும்போது கொடுக்கிறேன். களைப்பு தெரியாமல் எடை தூக்க வேண்டும் என்று ஜிம் டாய்லெட்டில் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுக்கொள்பவனிடம் இதில் என்ன இருக்கிறது? “டாக்டர்களே போடுற மருந்துதானே மேடம்” என்று உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். ஆமாம், நாங்களே போடுகிற மருந்துதான். அதே ட்ரேயில் ஒரு ஆளின் மூச்சை இரண்டு நிமிடத்தில் நிறுத்திவைக்கும் மருந்தும் இருக்கிறது. அதையும் நாங்கள்தான் போடுகிறோம்.

“ஸ்டீராய்டு இல்லையே” என்பது அடுத்த சமாதானம். ஸ்டீராய்டு இல்லைதான். இது வேறு வீட்டுப் பிள்ளை. செய்திகளில் ‘ஐஸ்’, ‘மெத்’ என்று படிக்கிறீர்களே, அந்த மெத்தாம்பெட்டமினையும் மெபென்டெர்மினையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பார்த்தால், வித்தியாசம் ஒரு கார்பன் அணு, இரண்டு ஹைட்ரஜன் அணு. அவ்வளவுதான். பெரியப்பா பையன், சித்தப்பா பையன் மாதிரி. வீரியத்தில் இது தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். குணம் குடும்பத்துக் குணம்தான். சர்வதேச ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப் பட்டியலில், ஊக்கிகள் பிரிவில் இரண்டு பெயரும் இருக்கின்றன.

சரி, பையனிடம் வருவோம்.

முதுகில் ஊசி போட்டுப் படுக்க வைத்தோம். நான்காவது நிமிடம் பிரஷர் 78/40. வழக்கம்போல மெபென்டெர்மின் 6 மில்லிகிராம். காத்திருந்தேன். 76. இன்னொரு 6. 75. சிரிஞ்சில் தண்ணீர் மட்டும் ஏற்றிவிட்டேனோ என்று லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். மருந்து சரி, டிரிப் ஓடுகிறது, மருந்து உள்ளே போகிறது. பிரஷர் மட்டும் அசையவில்லை. அவன் கண் செருக ஆரம்பித்தது. அதற்கு மேல் யோசிக்காமல் நார்அட்ரினலினுக்கு மாறினேன். அதற்குக் கட்டுப்பட்டது. பிரஷர் ஏறி நின்ற பிறகுதான், அவன் சிரித்துக்கொண்டே சொன்ன அந்த வாக்கியம் எனக்கு உறைத்தது.

மருந்துக்கு அவன் உடம்பு ஏன் கேட்கவில்லை? மாஸ்டர்களே, இந்த மடலில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள். நம் நரம்பு முனைகளில் நார்அட்ரினலின் என்கிற சரக்கு சின்னச் சின்னப் பொட்டலங்களாகச் சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. வீட்டுக் குதிரில் நெல் இருக்கிற மாதிரி. நாய் துரத்தினாலோ, மாடிப்படி ஏறினாலோ, கனமான செட் போட்டாலோ, தேவைக்குத் தக்கபடி உடம்பு அதில் கொஞ்சம் எடுத்துச் செலவு செய்யும். மெபென்டெர்மின் வெளியிலிருந்து பெரிதாக எதையும் கொண்டு வருவதில்லை. குதிரின் வாயைத் திறந்து, இருப்பதை அள்ளி வெளியே கொட்டுகிறது. அதன் வேலையில் பெரும்பகுதி அதுதான். முதல் நாள் நெல் நிறைய இருந்தது, பையன் பறந்தான். பத்தாம் நாள் குறைந்துவிட்டது. மாதக் கணக்கில் அள்ளியவனின் குதிரில் ஒன்றும் இல்லை. என் தியேட்டரில் நடந்தது அதுதான். நான் குதிரின் வாயைத் திறந்தேன், காலி. நார்அட்ரினலினை நேராகவே வெளியிலிருந்து கொடுத்தபோது உடம்பு எழுந்தது.

உங்கள் பையன்களும் இதை அனுபவத்தில் பார்க்கிறார்கள். “முதல்ல போட்டப்போ இருந்த மாதிரி இப்ப இல்லண்ணா, சரக்கு டூப்ளிகேட்டா?” என்று கேட்கிறார்களாம். சரக்கு ஒரிஜினல்தான். இருப்புதான் தீர்ந்தது. அது புரியாமல் அளவைக் கூட்டுகிறார்கள். அரை மில்லி ஒன்றாகிறது, ஒன்று இரண்டாகிறது. போடாத நாளில் கட்டிலைவிட்டு எழுந்திருக்க முடிவதில்லை. எரிச்சல், தூக்கமின்மை, யாரோ பின்னாலேயே வருகிற மாதிரி ஒரு சந்தேகம். இந்த ஊசிக்கு அடிமையாகி மனநல மருத்துவரிடம் போய் நின்றவர்களைப் பற்றி நம் நாட்டு மருத்துவ இதழ்களிலேயே எழுதியிருக்கிறார்கள்.

இனி இதயம். உங்களுக்குப் புரிகிற மொழியிலேயே சொல்கிறேன். ஒரு செட்டுக்கும் அடுத்த செட்டுக்கும் நடுவில் ரெஸ்ட் கொடுக்கிறீர்கள். கொடுக்காமல் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். இதயத்துக்கு ரெஸ்ட், இரண்டு துடிப்புக்கு நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளிதான். இதயத் தசை தனக்கு வேண்டிய ரத்தத்தைப் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் வாங்கிக்கொள்கிறது. துடிப்பு 70-லிருந்து 140 ஆனால், வெட்டு விழுவது அந்த ரெஸ்டில்தான். வேலை கூடுகிறது, சாப்பாடு குறைகிறது. அதோடு இந்தக் குடும்பத்து மருந்துகள் எல்லாமே ரத்தக் குழாயை இறுக்குபவை. சுருங்கிய குழாய்க்கு எதிராக இதயம் தள்ள வேண்டும். இதயத்துக்கே ரத்தம் கொண்டு வரும் குழாயும் சுருங்கலாம். கொழுப்பு அடைப்பே இல்லாத 25 வயதுக்காரனுக்கு ஹார்ட் அட்டாக் வருவது இப்படித்தான். கொகெயினில் இது நெடுநாளாகத் தெரிந்த விஷயம்.

அது ஒரு நாளில் நடப்பது. மாதக் கணக்கில் நடப்பது வேறு. நார்அட்ரினலின் அளவுக்கு மீறினால் இதயத் தசைக்கே அது விஷம். செல்கள் ஒவ்வொன்றாகச் சாகும். செத்த இடத்தில் தழும்பு வரும். தழும்பு சுருங்கி விரியாது. மீதி இருக்கும் தசை அதன் வேலையையும் சேர்த்து இழுத்து, இழுத்து, கடைசியில் பழைய பனியன் ரப்பர் மாதிரி தளர்ந்துவிடும். இதயம் பெரிதாகும், பெரிதான இதயம் பலமான இதயம் இல்லை. அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் ஹவாயிலும் ஆஸ்திரேலியாவிலும், மெத் எடுத்து இதயம் தளர்ந்த இளைஞர்கள் வார்டுக்கு வருவது டாக்டர்களுக்குப் பழகிப்போன காட்சி.

மூன்றாம் நாள் பையனுக்கு எக்கோ எடுத்தோம். இடது கீழறை ஒரு துடிப்பில் தன்னிடம் இருக்கும் ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்று அதில் பார்ப்போம். நல்ல இதயத்துக்கு 55-லிருந்து 70 வரை. இவனுக்கு 32. திரையில் நானும் பார்த்தேன். இதயம் துடிப்பது, தூக்கக் கலக்கத்தில் ஒருவர் கை தட்டுகிற மாதிரி இருந்தது. எண்ணைச் சொன்னதும் அவன் கேட்டது: “முப்பத்திரண்டா மேடம்? பாஸ் மார்க்குக்கு மூணு கம்மி.” சிரிக்கத்தான் பார்த்தான். அவன் அம்மா வாசலில் ஹார்லிக்ஸ் டம்ளரோடு நின்றிருந்தார்.

அப்புறம் மெதுவாகப் பேசினான். ஒன்றரை வருடமாகப் போடுகிறான். மாவட்ட அளவு ஆணழகன் போட்டிக்குத் தயாரானபோது ஆரம்பித்தது. கடைசி நாலு மாதமாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரண்டு தலையணை வேண்டும். ராத்திரியில் இருமல். பக்கத்துக் கிளினிக்கில் வீசிங் என்று புகை வைத்தார்கள். ஜிம்மில் “ஸ்டாமினா போச்சு, கார்டியோவைக் கூட்டு” என்றார்கள். நாலு கிலோ ஏறியிருந்தான். நல்லா பல்க் ஆகுது என்று எல்லோருக்கும் சந்தோஷம். அந்த நாலு கிலோ தசை இல்லை மாஸ்டர், தண்ணீர். தளர்ந்த இதயம் வெளியேற்ற முடியாமல் உடம்பிலேயே தேக்கி வைத்த தண்ணீர். அவன் சாக்ஸைக் கழற்றும்போது கணுக்காலில் ரப்பர் தடம் பள்ளமாகப் பதிந்து, நெடுநேரம் அப்படியே இருந்திருக்கும். ஷூ மாற்றும் இடத்தில் யாராவது குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இதை உங்களுக்கு எழுத அதுதான் காரணம். அவனை நாலு மாதமாகத் தினமும் பார்த்தவர்கள் டாக்டர்கள் இல்லை, நீங்கள். எந்தப் பையனுக்கு எந்தத் தோள் அரை இஞ்ச் இறங்கியிருக்கிறது என்று கண்ணால் அளக்கிறவர்கள் நீங்கள். படுத்தால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி நூறுக்கு மேல் ஓடுகிறது, போன மாதம் சாதாரணமாக ஏறிய படியில் இந்த மாதம் நின்று மூச்சு வாங்குகிறான். இவற்றை எக்கோ மெஷினுக்கு முன்னால் உங்கள் கண் பிடிக்க முடியும். நாங்கள் பிடிக்கும்போது பாதி இதயம் போயிருக்கிறது.

சில மரணங்களுக்கு அத்தனை மாதம்கூட ஆவதில்லை. 1967 ஜூலை 13-ஆம் தேதி, டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில், மோன் வான்டூ என்கிற மொட்டை மலை மேல் டாம் சிம்ப்சன் ஏறிக்கொண்டிருந்தார். இங்கிலாந்துக்காரர், 29 வயது, இரண்டு வருடத்துக்கு முன் உலக சாம்பியன் ஆனவர். கொளுத்தும் வெயில். உச்சிக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது சைக்கிள் இப்படியும் அப்படியும் அலைந்து சரிந்தது. கூட வந்தவர்கள் ஓடி வந்து தூக்கி, மறுபடியும் சைக்கிளில் ஏற்றிவிட்டார்கள். கொஞ்ச தூரம் போய் மறுபடி விழுந்தார். பிறகு எழவில்லை. அவர் ரத்தத்தில் இதே குடும்பத்து ஆம்பெட்டமின் இருந்தது, மதுவும் இருந்தது. ஜெர்ஸிப் பையிலும் ஆம்பெட்டமின் குழல்கள் இருந்தன. சாதாரண உடம்பு “போதும், நிறுத்து” என்று சொல்லும் இடத்தில், இந்த மருந்து அந்தக் குரலை அமுக்கிவிடுகிறது. சூடு ஏறிக்கொண்டே போகும், ஓடுகிறவனுக்குத் தெரியாது. அடுத்த வருடத்திலிருந்து ஒலிம்பிக்கில் ஊக்கமருந்துச் சோதனை ஆரம்பித்தது. எனக்கு அந்தக் கதையில் மனதில் நிற்பது மருந்துகூட இல்லை. அவரைத் தூக்கி மறுபடி சைக்கிளில் உட்கார வைத்த அந்தக் கைகள். எல்லாம் அவர்மேல் அக்கறை உள்ளவர்களின் கைகள்தான்.

2003 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஸ்டீவ் பெக்லர் என்ற பேஸ்பால் வீரர், 23 வயது, பயிற்சி முகாமில் வெயில் தாக்கிச் சுருண்டு விழுந்து மறுநாள் இறந்தார். எடை குறைக்க எஃபெட்ரா என்ற மூலிகை ஊக்கி கலந்த மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். கடையில் சர்வ சாதாரணமாக விற்ற ‘ஃபேட் பர்னர்’. மறு வருடம் அந்த நாட்டில் எஃபெட்ரா கலந்த சப்ளிமென்ட்டுகளுக்குத் தடை வந்தது.

இங்கே இது எனக்குப் பெரிய கவலை, ஏனென்றால் போலீஸ் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் ஓடுகிற பிள்ளைகள் உங்களிடம்தான் வருகிறார்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடினால் ஒரு குடும்பத்துக்கே விடியல். அந்த ஒரு ஓட்டத்துக்காக “ஒரே ஒரு தடவைதானே” என்று யாராவது ஊசியை நீட்டினால் மறுப்பது கஷ்டம். மைதானத்து வெயிலும் வெறும் வயிறும் போதாதா, அதற்கு மேல் இதுவும் வேண்டுமா? போட்டிக்கு நிற்கும் பையன்கள் விஷயம் இதைவிட மோசம். நரம்பும் தசையும் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று இரண்டு நாள் தண்ணீரைக் குறைக்கிறார்கள், நீர் இறக்கும் மாத்திரை போடுகிறார்கள். அந்த மாத்திரையில் பொட்டாசியமும் சேர்ந்து இறங்கும். பொட்டாசியம் இறங்கிய இதயத்தில் ஒரு ஊக்கியையும் ஏற்றுவது, கேஸ் கசியும் சமையல்கட்டில் தீக்குச்சி கிழிப்பதுதான். மேடையில் எண்ணெய் பூசிப் பளபளவென்று நிற்பவன் உள்ளே எந்த நிலைமையில் இருக்கிறான் என்பது கை தட்டுகிறவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்து அழுக்கையும் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. இது ஷெட்யூல் எச் மருந்து. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. அப்படியும் ஜிம் பைக்குள் வருகிறது என்றால், சீட்டு இல்லாமல் விற்கும் கடை ஒன்று இருக்கிறது, மொத்தமாக அனுப்பும் ஆள் ஒருவன் இருக்கிறான், எங்கேயாவது ஒரு தியேட்டரில் கணக்கு வைக்காத அலமாரியும் இருக்கிறது. மார்ஃபின் ஆம்பூல் ஒன்று உடைந்தால்கூட நாங்கள் கையெழுத்துப் போட வேண்டும். மெபென்டெர்மின் குப்பிக்கு அப்படி ஒரு வழக்கம் நான் வேலை பார்த்த எந்தத் தியேட்டரிலும் இருந்ததில்லை. பாதி தீர்ந்த குப்பி ட்ரேயில் கிடக்கும், சாயங்காலம் யாரோ துடைத்து எடுத்துப் போவார்கள், எங்கே போனது என்று நான் கேட்டதே இல்லை. இப்போது எண்ணி வைக்கிறேன். “என்ன மேடம், திடீர்னு கருமித்தனம்” என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இன்னொன்று, நாங்கள் கேட்பதும் இல்லை. “சிகரெட் உண்டா, குடிப்பழக்கம் உண்டா” என்பதோடு எங்கள் கேள்வி முடிந்துவிடும். இப்போது இளவட்டங்கள் எல்லோரிடமும் “ஜிம்முக்குப் போறியா? என்ன போடுற?” என்று தனியாக, அம்மா அப்பாவை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கிறேன். முதல் தடவை இல்லை என்பார்கள். ஊசித் தடம் எங்கே என்று பார்க்கும்போது ஒத்துக்கொள்வார்கள்.

நீங்கள் கேட்டால் முதல் தடவையிலேயே சொல்வார்கள். நான் பத்து வருடம் படித்து வாங்கிய பட்டத்தைவிட, “வேணாம்டா தம்பி” என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தைக்கு அவர்களிடம் மதிப்பு அதிகம். இதைப் பொறாமையோடுதான் எழுதுகிறேன்.

ஜிம்மிலேயே யாராவது விழுந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். துடிப்பு நின்றவன் முதல் சில நொடி கை காலை வெட்டி இழுக்கலாம். வலிப்பு என்று நினைத்துக் கையில் இரும்பைத் திணிக்க ஆட்கள் ஓடுவார்கள். உங்கள் இடத்தில் இரும்புக்குப் பஞ்சமும் இல்லை. ஏங்கி ஏங்கி இரண்டு மூச்சு விடலாம். அது மூச்சில் சேராது. தட்டிக் கூப்பிட்டு எழவில்லை என்றால் ஒருவர் 108-க்குப் போன் போடட்டும். நீங்கள் நெஞ்சுக் குழிக்கு மேலே, நடு நெஞ்சில், உள்ளங்கையை வைத்து அழுத்த ஆரம்பியுங்கள். இரண்டு அங்குல ஆழம், நிமிடத்துக்கு 100-லிருந்து 120 தடவை, ஆம்புலன்ஸ் வரும் வரை. நான் அழுத்தினால் இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். உங்கள் தோளுக்கு இது வார்ம் அப்.

அப்புறம், தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள். காஷுவாலிட்டியில் “திடீர்னு விழுந்துட்டான் சார், ஒண்ணும் சாப்பிடல” என்றே எல்லோரும் சொல்கிறார்கள். நெஞ்சு வலியும் படபடப்பும் என்று வருகிறவருக்குத் துடிப்பைக் குறைக்கச் சாதாரணமாகக் கொடுக்கும் சில மருந்துகள், ஊக்கி உடம்பில் இருக்கும்போது ரத்தக் குழாயை இன்னும் இறுக்கிவிடக்கூடும். தெரிந்தால் வேறு மருந்தில் ஆரம்பிப்போம். குப்பியைக் குப்பையில் வீசிவிட்டு வருவதற்குப் பதில் கையோடு கொண்டு வாருங்கள். யார் விற்றார்கள் என்று அந்த நேரத்தில் எந்த டாக்டரும் கேட்க மாட்டார். கையில் வேலை இருக்கும்.

விட நினைத்தும் விட முடியாத பையன்களுக்கு, 14416 என்ற இலவச எண் இருக்கிறது, டெலி மானஸ். தமிழிலேயே பேசலாம். நிறுத்திய முதல் வாரம் தூங்கி வழிவான், சோர்ந்து கிடப்பான், எடை தூக்க வராது. அந்த வாரம்தான் “சரி, இன்னிக்கு ஒண்ணு போட்டுக்கோ” என்று யாரும் சொல்லிவிடக் கூடாத வாரம். ஃபீஸ் வாங்காமல் நடக்க மட்டும் விடுங்கள்.

பையன் இப்போது நன்றாக இருக்கிறான். ஊசியை நிறுத்தினான்; மாத்திரைகளை ஒழுங்காகப் போடுகிறான். காலையில் நாலு, ராத்திரியில் இரண்டு. ஆறு மாதம் கழித்து எடுத்த எக்கோவில் 44. “பாஸ் மேடம்” என்று போன் செய்தான். ஐம்பத்தைந்தைத் தொடுமா என்றால், சிலருக்குத் தொடுகிறது, சிலருக்கு இல்லை. நிறுத்தாதவர்களுக்கு ஏறுவதைப் பார்ப்பது அரிது.

அவனிடம் ஒரு தடவை, யார் கொடுத்தது என்று கேட்டேன். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில், “மாஸ்டரைத் திட்டாதீங்க மேடம். அவரும்தான் போட்டுக்கிறாரு” என்றான்.

அதைக் கேட்டதிலிருந்து இந்தக் கடிதத்தை மனதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். திட்டி ஒரு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். காலை 5 மணிக்கு ஷட்டரைத் தூக்கி, ராத்திரி 10 மணிக்கு இறக்கி, நடுவில் மூன்று பேட்ச், இஎம்ஐ, நாற்பது வயதிலும் பையன்கள் கண்ணுக்கு வயிறு தெரியக் கூடாது என்கிற கவலை. உங்கள் நாடி எவ்வளவு ஓடுகிறது என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

என்னிடம் கையில் தூக்கிப் போகிற ஈசிஜி மெஷின் ஒன்று இருக்கிறது. பிரஷர் கருவி இருக்கிறது. எக்கோ எடுக்கும் நண்பர் ஒருவரையும் சரிக்கட்டி வைத்திருக்கிறேன். அவருக்கு இட்லி வாங்கிக் கொடுத்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை எனக்கு டியூட்டி இல்லை. சுற்றுவட்டாரத்தில் எந்த ஜிம்மாக இருந்தாலும் வருகிறேன். பையன்களுக்குப் பிறகு பார்க்கலாம், முதலில் நீங்கள் படுங்கள். ஒரு பெஞ்சைக் காலி செய்து, பாட்டுச் சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்து வையுங்கள். ஏழு மணிக்கு வரட்டுமா, எட்டு மணிக்கு வரட்டுமா?

இப்படிக்கு,
ஒரு மயக்க ஊசி டாக்டர்